ஜேடு கொடிக்கு ஒரு பந்தல்

சென்ற மாசி மாதம் வீட்டிற்கு வந்திருந்த என் பெரியம்மா, பந்தலடியில் போட்டிருந்த கட்டிலில் அமர்ந்து நெடுநேரம் மேலே பார்த்துவிட்டு, “இது என்ன மக்களே, அகத்திப் பூவைத் துரிசில முக்கித் தொங்கவிட்டது போல இருக்கே?” என்று கேட்டார். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு, மழைக்கு முன்பு மரங்களுக்கு அடிக்கும் துரிசு என்னும் மயில்துத்தக் கலவையின் நிறம் கண்ணில் ஊறிப்போன ஒன்று. நீலமும் பச்சையும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று சொல்ல முடியாத அதே நிறம்தான் இந்தப் பூவிலும் இருக்கிறது. வடிவத்தைப் பற்றி அவர் சொன்னதும் சரியே. அகத்தியும் இக்கொடியும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை, கிளி மூக்கைப் போல வளைந்த அந்தப் பூவிதழ் இரண்டுக்கும் பொது.

செடிப் பண்ணைக்காரர்கள் இதை ஜேடு கொடி என்கிறார்கள். சீனர்கள் சிலை செதுக்கும் பச்சைக் கல்லின் பெயர் அது. தாவரவியலில் இதன் பெயர் ஸ்ட்ராங்கிலோடன் மேக்ரோபாட்ரிஸ். பிலிப்பைன்ஸ் நாட்டு மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக முளைப்பதில்லை. 1838 முதல் 1842 வரை கடல் வழியே உலகைச் சுற்றிய அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக் குழு, லூசோன் தீவில் மக்கிலிங் மலைக்காட்டில் இக்கொடியைக் கண்டு மாதிரி எடுத்துச் சென்றது. ஆசா கிரே என்ற தாவரவியலாளர் 1854ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டு விவரித்தார். அந்தக் காடுகள் பெருமளவு வெட்டப்பட்டதால், இன்று இது அழியும் அபாயத்தை எதிர்நோக்கும் செடிகளின் பட்டியலில் இருக்கிறது. இதன் சொந்த நாட்டில் இதற்கு மகரந்தம் சேர்ப்பவை வௌவால்கள். பூங்கொத்தைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கும் வௌவாலின் தலையில் மகரந்தம் ஒட்டி, அடுத்த கொத்துக்குப் போய்ச் சேருகிறது.

நிறத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பூவின் மேல்தோலில் மால்வின் என்ற செந்நீல நிறமி ஒரு பங்கும், சப்போனாரின் என்ற வெளிர் மஞ்சள் பொருள் ஒன்பது பங்கும் இருப்பதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். அந்த மேல்தோல் செல்களின் சாறு, பெரும்பாலான பூக்களில் இருப்பது போல் புளிப்பாக இல்லாமல், பிஎச் (pH) என்னும் அமில-கார அளவுகோலில் 7.9 ஆக, சற்றே காரத்தன்மை கொண்டிருக்கிறது. காரத்தில்தான் மால்வின் நீலமாகிறது, சப்போனாரின் மஞ்சள் ஏறுகிறது, இரண்டும் சேர்ந்து துரிசாகிறது. உதிர்ந்த பூவை ஒரு நாள் வைத்திருந்தால் அது மை ஊதாவாக மாறிவிடுவதை என் வீட்டு முற்றத்திலேயே தினமும் பார்க்கிறேன்.

நான் முதலில் வாங்கியது ஜேடு கொடியே இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் எங்கள் விளையில் பதினோரு ரப்பர் மரங்களையும் ஒரு பெரிய பலாவையும் சாய்த்துவிட்டுப் போனபின், வீட்டின் கிழக்கே திடீரென்று வானம் தெரிந்த அந்த வெற்றிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, விதையிலிருந்து முளைக்க வைத்த ஜேடு கொடி என்று சொல்லி ஒருவர் ஒரு கன்றைக் கொடுத்து, ஒரு நல்ல தென்னங்கன்றின் விலையைப் போல ஐந்து மடங்கு வாங்கிக்கொண்டார். காம்புக்கு மூன்று இலை, சுற்றிப் படரும் தண்டு, எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தன. ஐந்தாறு மாதத்தில் அது கருஞ்சிவப்புப் பூ விட்டு, பொன்னிறச் சுணை மூடிய காய்களைக் காய்த்து, அதைத் தொட்ட என் கையை இரண்டு நாள் சொறிய வைத்தபோதுதான், நான் கருத்தாக எருவிட்டு வளர்த்தது நம் வேலிகளில் தானே முளைக்கும் பூனைக்காலி என்று விளங்கியது. என் மனைவி இன்றும் விருந்தினர் முன்னிலையில் இதை நினைவூட்டத் தவறுவதில்லை.

ஆகவே வாங்குவோருக்கு நான் சொல்லக்கூடிய முதல் செய்தி இதுதான்: ஜேடு கொடியின் விதை என்று உறையில் போட்டு விற்கப்படும் எதையும் வாங்காதீர்கள். பிலிப்பைன்ஸுக்கு வெளியே, கையால் மகரந்தம் சேர்க்காமல் இது காய்ப்பது அரிது. காய்த்தாலும் அதன் பெரிய சதைப்பற்றான விதைகள் உலர்ந்தால் முளைப்புத் திறனை இழந்துவிடும். உலர்ந்த சிறு விதைகள் பத்தும் இருபதுமாக அஞ்சலில் வருமானால் அவை வேறு எதன் விதையோதான். பதியன் கன்றைத்தான் தேட வேண்டும். முற்றிய தண்டில் ஒரு மோதிர அகலத்துக்குப் பட்டையை நீக்கி, ஈரமான பாசியையோ தென்னை நார்க் கழிவையோ வைத்துப் பாலித்தீன் தாளால் கட்டிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் வேர் விடும். வெட்டிய தண்டை நட்டும் முளைக்க வைக்கலாம், ஆனால் என் கையில் ஐந்தில் நான்கு அழுகிப்போயின.

எனக்கு உண்மையான கன்று 2019 ஜூன் மாதத்தில், நெய்யாற்றின்கரையில் வசிக்கும் ஒரு நண்பர் வீட்டுப் பதியனாகக் கிடைத்தது. எங்கள் பக்கத்து மண் செம்புரைக்கல் கலந்த சரளை மண். தண்ணீர் நிற்காது என்பது அதன் நல்ல குணம், ஒன்றையும் பிடித்து வைக்காது என்பது கெட்ட குணம். மூன்றடி ஆழ அகலத்தில் குழி வெட்டி, மட்கிய சாணமும் இலைச் சருகும் ஆற்று மணலும் கலந்து நிரப்பி, சுற்றிலும் தரையைவிட அரையடி உயர்த்தி நட்டேன். தென்னைக்குச் செய்வது போலவே செடியின் அடியைச் சுற்றிக் கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, கவிழ்த்து அடுக்கி வைத்தேன். இக்கொடிக்கு வேர் நிழலிலும் தலை வெளிச்சத்திலும் இருக்க வேண்டும். மரத்தடியில் முளைத்து உச்சி தேடிப் போகும் காட்டுக்கொடிக்கு அது இயல்புதானே.

மண்ணும் மழையும் இதற்கு இங்கே தாமாகவே அமைந்துவிடுகின்றன. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் மலையோரப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் உண்டு, குளிர் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. பதினைந்து பாகை செல்சியசுக்குக் கீழே போனால் வாடுகிற செடிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் என்னைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம் என்றே சொல்வேன். காற்றாலைகளைச் சுழற்றும் கணவாய்க் காற்று ஆனி, ஆடி மாதங்களில் இதன் இளந்தளிரை நூலாகக் கிழித்துவிடும். இதன் தளிர் ஊதா கலந்த செம்பு நிறத்தில், உயிரே இல்லாதது போலத் துவண்டு தொங்கும். விரல் பட்டால் ஒடியும். அங்கே வளர்க்கத்தான் வேண்டுமென்றால் மேற்கே ஓர் உயர்ந்த சுவரோ வீடோ காற்றை மறைக்க வேண்டும்.

எனவே செடி கடினமில்லை. கடினமானது பந்தல். இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

ஒக்கியில் விழுந்த ரப்பர் மரங்களை விற்றதுபோக மிஞ்சிய தடிகளும், கொல்லையில் கமுகந் தடிகளும் இருந்ததால், எட்டடி உயரத்தில் ஒரு பந்தல் கட்டினேன். பதப்படுத்தாத ரப்பர் தடி மழையில் நனைந்தால் பூஞ்சையும் துளைப்பானும் ஏறிவிடும் என்பது எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் அவரைக்கும் பாகலுக்கும் நிற்கிற பந்தல் இதற்கு நிற்காதா என்று நினைத்துவிட்டேன். அவரை ஒரு பருவத்தோடு போய்விடும், இது போகாது. ஆண்டுக்கு ஆண்டு தண்டு தடித்துக் கட்டையாகும், பழைய இலைகளின் மேல் புதிய இலைகள் அடுக்கடுக்காகப் படுக்கும், மழைநாளில் அவ்வளவும் நனைந்து பாரமாகும். 2021 நவம்பரில் மாவட்டம் முழுவதையும் வெள்ளத்தில் ஆழ்த்திய அந்த மழையின் இரண்டாம் இரவில், பந்தல் வடக்கு மூலையிலிருந்து மெதுவாக முழங்காலிட்டு அமர்ந்தது. விடிந்ததும் பார்த்தால் கொடி ஒரு பச்சைப் பாயைப் போலத் தரையில் கிடந்தது. இரண்டு முதன்மைத் தண்டுகளில் ஒன்று முறுக்கிப் பிளந்திருந்தது.

வெட்டிவிட்டுப் புதிதாகப் படர விடுவதே எளிது என்று பலரும் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை, அதற்குக் காரணம் இருந்தது. இக்கொடியில் பூங்கொத்துகள் பெரும்பாலும் முற்றிய பழைய தண்டுகளிலிருந்தே இறங்குகின்றன. அழகுக்காக ஆண்டுதோறும் கத்தரிப்பவர்கள் இலையை மட்டுமே காண்பார்கள். ஏறக்குறைய இரண்டரை ஆண்டு காத்திருந்து கிடைத்த பழைய தண்டை இழக்க மனமில்லாமல், அதைக் கயிற்றால் கட்டிப் பக்கத்துச் சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டு, வெல்டர் ஒருவரை அழைத்து இரும்புக் குழாய்களால் பத்தடி உயரப் பந்தல் போட்டேன். கால்களைக் கான்கிரீட்டில் இரண்டரை அடி இறக்கினோம். “அண்ணாச்சி, இது பூங்கொடிக்கா, தண்ணித் தொட்டிக்கா?” என்று அவர் கேட்டார். பத்தடி ஏன் என்றால், கொத்து ஒவ்வொன்றும் மூன்றடி வரை நீண்டு தொங்கும். எட்டடிப் பந்தலாக இருந்தால் நடப்பவர் தலையில் இடிக்கும்.

2023ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில் முதல் மொட்டுக் கொத்து தெரிந்தது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையை முழுவதும் உதிர்த்துவிடுவதால், மற்ற நாட்களில் பாதி நிழலில் இருக்கும் என் பந்தலுக்கு அப்போது நாள் முழுவதும் வெயில் கிடைக்கிறது. அதை அடுத்தே மொட்டு வருகிறது. முதலில் ஒரு கறுத்த நூல் தொங்குவது போலத் தோன்றும், நான்கைந்து வாரத்தில் நீண்டு, மேலிருந்து கீழாக நகம் நகமாக மொட்டுகள் புடைத்து விரியும். அந்த ஆண்டு நான்கு கொத்துகள். இந்த ஆண்டு எண்ணியவரை நாற்பத்தொன்று.

மொட்டு வந்தபின் தண்ணீர் குறையக் கூடாது, நம் ஊரில் மாசி, பங்குனி மாதங்கள்தான் கிணறு இறங்கும் காலம் என்பதால் இது சற்றுத் தொல்லை. ஒரு நாள் விட்டாலும் மொட்டுகள் கொத்தோடு மஞ்சளித்து உதிர்கின்றன. யூரியா போன்ற தழைச்சத்து உரங்களை நான் இடுவதே இல்லை. மழைக்கு முன்பு ஒரு முறை சாணமும், ஐப்பசியில் சாம்பலும் எலும்புத் தூளும் போதுமானதாக இருக்கிறது. மாவுப்பூச்சி தளிரில் வரும், அதை எறும்பு காக்கும்; வேப்பெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணீரில் கலக்கி அடித்தால் கட்டுப்படும். முசுறு எறும்பு கூடு கட்டினால் மட்டும் நான் ஒன்றும் செய்வதில்லை, செய்யவும் முடியாது.

ஹவாய்த் தீவுகளில் இந்தப் பூவை மாலையாகக் கோக்கிறார்கள். இதைக் கேட்ட என் மனைவி, தோவாளைச் சந்தையில் பிச்சிக்குக் கிடைக்கும் மரியாதை இதற்கும் கிடைக்கட்டும் என்று வாழைநாரில் ஒரு சரம் கட்டிப் பார்த்தார். காலையில் துரிசாக இருந்த சரம் மாலை விளக்கேற்றும் நேரத்தில் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது. சாமி படத்துக்குப் போடலாமா கூடாதா என்று வீட்டில் ஒரு சிறு விவாதம் நடந்து, போட்டோம்.

பூவில் தேன் நிறைய இருக்கிறது. தேன்சிட்டுகள் பகல் முழுவதும் வருகின்றன, ஆனால் பூவின் பக்கவாட்டில் குத்திக் குடித்துவிட்டுப் போய்விடுகின்றன. எங்கள் கொல்லை மாவில் வாவல் கூட்டமாக வரும், பந்தலில் ஒன்றும் தொங்கி நான் கண்டதில்லை. இந்தப் பங்குனியில், லண்டனில் உள்ள கியூ பூங்காவில் கையால் மகரந்தம் சேர்த்துக் காய் பெற்றிருக்கிறார்கள் என்று படித்ததை நம்பி, ஏணியைப் பந்தல் காலில் சாய்த்து ஏறி, ஒரு சிறு தூரிகையால் பன்னிரண்டு பூக்களில் முயன்றேன். பதினொன்று மூன்று நாளில் உதிர்ந்தன. ஒன்று மட்டும் நின்று, சுண்டுவிரல் அளவுக்குப் பச்சைக் காயாகத் திரண்டு, பதினேழாம் நாள் காலையில் கதம்பல் மேல் விழுந்து கிடந்தது. பிளந்து பார்த்தேன், உள்ளே மிளகளவு வெளுத்த விதை ஒன்று, அழுத்தினால் நீர்.

அடுத்த தைக்குள் பந்தலின் தெற்குப் பக்கத்தில் நின்று வேலை செய்ய ஒரு நிலையான படி வைத்துத் தரும்படி அதே வெல்டரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த முறை அவர் எதற்கென்று கேட்கவில்லை.