லோடு எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?

கோவையில் யுபிஎஸ் பழுதுபார்க்கும் சிறிய கூடம் ஒன்றில் நான் சேர்ந்தபோது, பேட்டரியின் கொள்ளளவைச் சோதிக்க எங்களிடம் இருந்தது 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு மட்டும்தான். பேட்டரி வடிய வடிய பல்பு மங்கும், மின்னோட்டமும் கூடவே இறங்கும். ஆகவே எத்தனை ஆம்பியர்-மணி கிடைத்தது என்பது எப்போதும் குத்துமதிப்பாகவே நின்றுவிடும். பிறகு 120 வோல்ட், 30 ஆம்பியர், 400 வாட் என்று முகப்பில் எழுதப்பட்ட எலக்ட்ரானிக் டிசி லோடு ஒன்று, அதாவது நாம் வைக்கும் அளவுக்கு மின்சாரத்தை இழுத்து வெப்பமாக்கிவிடும் கருவி, வந்து சேர்ந்தது. அந்த மூன்று எண்களையும் ஒரே நேரத்தில் அனுபவிக்கலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே புரிந்தது: 400 வாட் என்ற எல்லைக்குள் 30 ஆம்பியர் இழுக்க வேண்டுமானால் மின்னழுத்தம் 13.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 120 வோல்ட்டில் இழுக்கக்கூடியது 3.3 ஆம்பியர்தான்.

எல்லைகளைக் கற்றுக்கொண்டதாலேயே பாதுகாப்பாக இருந்துவிடலாம் என்று நம்பியதுதான் என் முதல் பிழை. ஒரு நாள் காலை, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை மெல்லிய வயரும் சிறிய குரோக்கடைல் கிளிப்பும் கொண்டு லோடில் இணைத்து, இழுப்பதைத் தொடங்கிவைக்கும் இன்புட் பொத்தானை அழுத்தினேன். 0.35 ஆம்பியர் ஓடும் என்று எதிர்பார்த்த திரையில் 30 ஆம்பியர் தெரிந்தது. நான் திகைத்து நின்ற சில நொடிகளுக்குள் கிளிப்பின் சிவப்புப் பிளாஸ்டிக் உறை இளகி மேசையில் ஒட்டிக்கொண்டது. முந்தைய நாள் மாலை ஒருவர் சார்ஜர் சோதித்திருக்கிறார். முழுதும் வடிந்துபோன பேட்டரி ஒன்று எதிரில் இருப்பதாகச் சார்ஜரை நம்பவைக்க, லோடை மாறா மின்னழுத்த முறையில், அதாவது நாங்கள் சிவி என்று சொல்லும் முறையில், 10 வோல்ட்டுக்கு வைத்துவிட்டுப் போயிருந்தார். லோடு தனக்கு இடப்பட்ட வேலையைத்தான் செய்தது: பேட்டரியின் முனைகளை 10 வோல்ட்டுக்கு இறக்கிவிட, தன்னால் இயன்ற மட்டும் மின்னோட்டத்தை இழுத்தது. அப்போது அது செலவிட்டது சுமார் 320 வாட். 400-க்குள்தான் இருந்ததால் எந்தக் காப்பும் விழவில்லை, எந்த ஒலியும் எழவில்லை. எல்லைகளில் ஒன்றைக்கூட நான் மீறவில்லை என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

எங்கள் மூத்த டெக்னீஷியன் திட்டவில்லை. "தம்பி, பேட்டரி எதைப் புடிச்சு வெச்சிருக்குதுன்னு முதல்ல பாரு. அதையே லோடும் புடிக்கப் போனா ரெண்டும் மல்லுக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அதன்பின் லோடின் நான்கு முறைகளையும், அதாவது மாறா மின்னோட்டம் (சிசி), மாறா மின்னழுத்தம் (சிவி), மாறா மின்தடை, மாறா திறன் ஆகியவற்றை, அந்தக் கண்ணோடுதான் பார்த்து வருகிறேன். பேட்டரியும் பவர் சப்ளையும் மின்னழுத்தத்தைப் பிடித்துக்கொள்பவை. எனவே லோடு மின்னோட்டத்தைப் பிடிக்கும் சிசி முறையே அவற்றுக்குப் பொருந்தும். சார்ஜர், எல்இடி டிரைவர் போன்றவை மின்னோட்டத்தைப் பிடித்துக்கொள்பவை. அங்கே சிவி முறை தேவை. சோலார் பேனல் இரண்டாவது வகைக்கு நெருங்கியது. அதிகபட்சம் 5 ஆம்பியர் தரும் பேனலிடம் சிசி முறையில் 6 ஆம்பியர் கேட்டால், மின்னழுத்தம் சரிந்து ஏறக்குறைய சுழியத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மாறா மின்தடை முறையை நான் நெடுநாள் பொருட்படுத்தவில்லை. 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் ஒன்று, சிசி முறையில் 5 ஆம்பியருக்கு வைத்த லோடுடன் உயிர்பெறாமல் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டே இருந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. மின்னழுத்தம் எழத் தொடங்குவதற்குள்ளேயே லோடு முழு மின்னோட்டத்தையும் கேட்க, அடாப்டர் அதை ஷார்ட் என்று எண்ணி மீண்டும் மீண்டும் அணைந்துகொண்டிருந்தது. 2.4 ஓம் என்று மாற்றி வைத்ததும், மின்னழுத்தத்தோடு மின்னோட்டமும் மெல்ல ஏறி, அதே அடாப்டர் அதே 5 ஆம்பியரைச் சலனமில்லாமல் தந்தது. பழுது என்று ஒதுக்கப்படவிருந்த பொருள் அது.

மாறா திறன் முறைதான் யுபிஎஸ் வேலைக்கு மிகவும் உண்மையானது, மிகவும் அஞ்ச வேண்டியதும்கூட. இன்வெர்ட்டர் பேட்டரியிடம் கேட்பது வாட்டைத்தான். 12 வோல்ட்டில் 16.7 ஆம்பியர் எடுக்கும் 200 வாட் சுமை, 10 வோல்ட்டில் 20 ஆம்பியர் எடுக்கும். வலுவிழந்து உள்தடை 0.2 ஓம் ஆகிவிட்ட பேட்டரி எப்படி முயன்றாலும் தரக்கூடியது 180 வாட்தான். அதனிடம் 200 வாட் கேட்டால், லோடு கிடைக்காததைத் தேடி மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போய், எங்கள் கருவியில் 30 ஆம்பியரில் முட்டி நிற்கும். பேட்டரி முனையில் அப்போது 6 வோல்ட்தான் இருக்கும். ஆகவே மின்னோட்ட உச்சவரம்பையும் குறைந்த மின்னழுத்த வெட்டையும் பதியாமல் அந்த முறையை நான் தொடுவதே இல்லை.

இன்புட் அணைந்திருக்கிறது என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. முனைகளை மாற்றி இணைத்தால், பல கருவிகளில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட்டுக்குள் இயல்பாகவே அமைந்துள்ள டையோடு வழியாக மின்னோட்டம் பாயும். அதைப் பொத்தானால் தடுக்க முடியாது, ஃபியூஸ்தான் தடுக்கும். இதற்கு மாறாக, இன்புட்டை ஆன் செய்துவிட்டுப் பேட்டரியை இணைத்தால், கிடைக்காத மின்னோட்டத்தைத் தேடி ஏற்கெனவே முழுதாகத் திறந்து நிற்கும் மாஸ்ஃபெட்டுகள் வழியாக முதல் கணத்தில் ஒரு வீச்சு பாயும், கிளிப்பிலும் பொறி பறக்கும். சார்ஜில் இருந்து அப்போதுதான் எடுத்த லெட்-ஆசிட் பேட்டரியின் அருகே ஹைட்ரஜன் இருக்கக்கூடும் என்பதால் அந்தப் பொறி அற்பமானதல்ல.

ஆர்வக்கோளாறில் நானே ஒரு லோடு செய்து பார்த்ததும் உண்டு. பழைய இன்வெர்ட்டர் போர்டில் இருந்து எடுத்த ஐஆர்எஃப்3205 என்ற மாஸ்ஃபெட் ஒன்றைப் பெரிய ஹீட்சிங்க்கில் பொருத்தினேன். டேட்டா ஷீட்டில் 200 வாட் என்று போட்டிருந்தது. என்னுடையது 60 வாட்டிலேயே போய்விட்டது. முழுதாகத் திறக்கவும் மூடவும் செய்யப்பட்ட மாஸ்ஃபெட்டைப் பாதி திறந்தபடி வைத்தால், சூடான பகுதியே மேலும் மின்னோட்டத்தை ஈர்த்து ஒரே புள்ளியில் வெந்துபோகும் என்பதை அதன்பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கடையில் வாங்கிய லோடின் பின்புறத்தில் ஃபேன் காற்றுக்கு இடம் விட்டு வைக்க வேண்டும் என்று இன்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு அந்த மாஸ்ஃபெட்டும் ஒரு காரணம்.

கிளிப் உருகிய பிறகு தடித்த வயரும் அதன் நுனியில் லக் எனும் உலோக முனையும் போட்டோம்; ஆனால் மின்னழுத்தத்தை மட்டும் தனியே அளப்பதற்கான லோடின் சென்ஸ் முனைகளைப் பல மாதங்கள் வெறுமனே விட்டிருந்தோம். 65 ஆம்பியர்-மணி பேட்டரிகளை 20 ஆம்பியரில் வடிக்கும்போது, வயரும் இணைப்புகளும் சேர்ந்து வெறும் 25 மில்லி ஓம் இருந்தாலே அரை வோல்ட் வழியிலேயே தொலையும். லோடு 10.5 வோல்ட் என்று கண்டு சோதனையை நிறுத்தும்போது பேட்டரி முனையில் 11 வோல்ட் இருந்திருக்கிறது. சென்ஸ் வயர்களைப் பேட்டரி முனைக்கே கொண்டுபோய் இணைத்த அன்று, கழிவுக்குப் போடவென்று ஓரத்தில் அடுக்கியிருந்த நான்கு பேட்டரிகளை மறுபடி சார்ஜ் ஏற்றிச் சோதித்தோம். மூன்று தேறின.