பகை எழுதிய பிறகு காரணத்தையும் எழுதிவையுங்கள்: வார்கிராஃப்ட் எல்ஃப்களை முன்வைத்து

கேம் கதைக்குழுவில் தொடர்ச்சி பார்க்கும் வேலை என்றால் பெயரும் தேதியும் சரிபார்ப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். போன பேட்சில் (கேமின் புதுப்பிப்பில்) செத்தவன் இந்தப் பேட்சில் வந்து பேசுகிறானா என்று பார்ப்பது அதில் சுலபமான பாதி. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை ஏன் வெறுக்கிறது என்பதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். என்ன நடந்தது என்பது ஆவணத்தில் இருக்கும். ஏன் நடந்தது என்பது எழுதியவர் மனதில் மட்டும் இருக்கும். அவர் வேறு குழுவுக்குப் போனால் அதுவும் அவரோடு போய்விடும்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமின் எல்ஃப்களைப் பாருங்கள். அதற்கு முன் 2002இல் வந்த வார்கிராஃப்ட் 3இல் ஆர்தஸ் என்ற வில்லன் எல்ஃப்களின் குவெல்தலாஸ் நாட்டை அழித்து, அதன் உயிரூற்றான சன்வெல்லைக் கெடுக்கிறான். மக்களில் பத்தில் ஒன்பது பேர் மடிகிறார்கள். மிஞ்சியவர்களில் பெரும்பகுதி இளவரசன் கேல்தாஸின் பின்னால் போய் ப்ளட் எல்ஃப் ஆகிறது. சிறுபகுதி ஹை எல்ஃப் என்ற பழைய பெயரிலேயே நிற்கிறது. ஊற்று போனதால் வந்த மாயப்பசியை எப்படித் தீர்ப்பது என்பதில்தான் பிளவு. உயிருள்ளவற்றிடமிருந்து மாயசக்தியை உறிஞ்சுவதை ஹை எல்ஃப்கள் ஏற்கவில்லை. ஒரே மக்கள், ஒரே இழவு, இரண்டு முடிவு: பகைக்கு இதைவிட உறுதியான அடித்தளம் கிடைக்காது.

ஆனால் 2008 மார்ச்சில் வந்த 2.4 பேட்சில் சன்வெல் மீண்டும் ஒளிபெறுகிறது. பசிக்கு மருந்து வந்துவிட்டது, பிளவின் காரணமும் தீர்ந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மாயவித்தைக்காரர்களின் டலரான் நகரத்துக்குள் நுழைந்தால் வெரீசாவின் ஹை எல்ஃப் கூட்டமான சில்வர் கவனண்டும் ஏத்தாஸின் ப்ளட் எல்ஃப் கூட்டமான சன்ரீவர்களும் முன்னைவிடக் கடுமையாக முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இப்போதைய காரணம் வேறு: இந்த கேமின் இரு எதிரணிகளான அலையன்ஸ், ஹோர்டு ஆகியவற்றில் ஹோர்டோடு சேர்ந்த ப்ளட் எல்ஃப்களை நகரத்துக்குள் விடலாமா என்பது. அது நியாயமான காரணம்தான். பழையது தீர்ந்து புதியது வந்திருக்கிறது என்பதை அழுத்திச் சொல்லாததால், விளையாடுபவர் மனதில் இரண்டும் குழம்பிவிடுகின்றன.

சொல்லாமல் போவதற்கு இடநெருக்கடியும் ஒரு காரணம். இந்த கேமில் ஒரு குவெஸ்டின் (விளையாடுபவருக்குக் கொடுக்கும் பணியின்) எழுத்துக்கு 511 எழுத்துக்குறிகள்தான் எல்லை என்று அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜெஃப் கப்லான் 2009இல் ஒரு உரையில் சொல்லியிருக்கிறார். அதற்குள் யார், எங்கே, எத்தனை கொல்ல வேண்டும் என்பதெல்லாம் அடங்க வேண்டும். வெட்டும்போது முதலில் போவது ‘ஏன்’ என்ற வரி. அதனால் அந்த வரியைக் குவெஸ்டில் விட்டாலும் ஒவ்வொரு கூட்டத்தின் கதையையும் குழு குறித்துவைக்கும் தாளில் விடக்கூடாது. தாளில் ஒவ்வொரு பகைக்கும் நான்கு கட்டங்கள் போதும்: தொடங்கிய காரணம், அது இன்னும் உயிரோடு இருக்கிறதா, எந்தப் பேட்சில் மாறியது, இரு தரப்பில் யாருக்கு அது தெரியும்.

நான்காவது கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. பெரிய சேதம் அங்கேதான்.

2012இல் வந்த டலரான் களையெடுப்பில் இந்தக் கட்டத்தைச் சரியாகக் கையாண்டார்கள். டிவைன் பெல் என்ற பேராற்றல் மணியின் திருட்டில் சன்ரீவர்களின் கை இருந்தது என்று அப்போது டலரானை ஆண்ட ஜெய்னா கண்டுபிடித்து, அத்தனை சன்ரீவர்களையும் நகரத்தைவிட்டு விரட்டுகிறார். அலையன்ஸில் விளையாடுபவர் விரட்டுகிறார், ஹோர்டில் விளையாடுபவர் மீட்கிறார். இரு பக்கக் குவெஸ்ட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நேரவரிசைப்படி அடுக்கிப் படித்தால் நிகழ்ச்சி ஒன்றுதான், தீர்ப்புதான் இரண்டு. முரண்பட்ட கதைசொல்லலில் இது நல்ல வகை. ப்ளட் எல்ஃப்களின் தலைவர் லோர்தெமார் அப்போது அலையன்ஸுக்குத் திரும்புவதுபற்றி அலையன்ஸின் அரசர் வேரியனோடு பேசிக்கொண்டிருந்தார் என்பது இந்தக் காட்சிக்குக் கூடுதல் வலியைக் கொடுக்கிறது.

2016இல் லீஜன் பாகத்தோடு வந்த சூரமார் நகரத்தின் கதையில் அது தவறியது. தாலிஸ்ரா அந்த நகரத்து எல்ஃப், அங்கிருந்து துரத்தப்பட்டவர், மாயசக்தி கிடைக்காமல் வாடிக்கொண்டிருப்பவர். குகையில் அவரைச் சந்தித்ததும் முதலில் செய்யும் வேலையே ஏன்ஷியன்ட் மானா என்ற மாயசக்தியைப் பொறுக்கிவந்து ஊட்டுவதுதான். பிறகு அவருடைய ஆட்களுக்கும் ஊட்ட வேண்டும். வாரக்கணக்கில் நடக்கும் அந்த வேலையை அலையன்ஸ்காரரும் ஹோர்டுக்காரரும் ஒரே மாதிரி செய்கிறார்கள். கடைசியில் நகர வாசலில் டிராண்டேயின் நைட் எல்ஃப்களும் வெரீசாவின் ஹை எல்ஃப்களும் லியாட்ரினின் ப்ளட் எல்ஃப்களும் சேர்ந்து நிற்கிறார்கள். எல்ஃப் கதையில் அவ்வளவு அருமையான காட்சி வேறில்லை.

2018 ஜனவரியில் தாலிஸ்ரா தன் மக்களோடு ஹோர்டில் சேர்கிறார். அதற்கு இரண்டு காரணங்கள். அலையன்ஸைச் சேர்ந்த டிராண்டே அவர்களை நம்பவில்லை. பத்தாயிரம் ஆண்டு கேடயத்துக்குள் ஒளிந்திருந்ததைக் குத்திக்காட்டினார். இன்னொன்று, மாயப்பசியால் சீரழிந்து மீண்ட ப்ளட் எல்ஃப்களிடம் தாலிஸ்ரா தன் மக்களையே பார்க்கிறார். இரண்டாவது காரணம் மிக வலுவானது, ப்ளட் எல்ஃப்கள் தோன்றியதிலிருந்தே கதையில் இருக்கும் நோயோடு நேராக இணைகிறது. லியாட்ரின் அவரைச் சன்வெல்லுக்கு அழைத்துப்போகும் காட்சியில் அது நன்றாகவே வருகிறது. ஆனால் அதைப் பார்ப்பவர் ஹோர்டுக்காரர் மட்டும். மானா பொறுக்கி ஊட்டிய அலையன்ஸ்காரருக்குக் கிடைப்பது, தான் காப்பாற்றியவர் எதிரணியில் நிற்கிறார் என்ற செய்தி மட்டும். கோபம் வராமல் என்ன செய்யும்? அவருக்கு ஒரு கடிதம் போதுமாயிருந்தது: ‘உன் கையால் உண்டேன், ஆனால் உன் அரசி எங்களை ஏற்கவில்லை’ என்று இரண்டு வரி.

அதே சன்வெல் காட்சியில்தான் வெரீசாவின் அக்கா அலெரியாவின் வாய்ட் என்ற இருட்சக்தி ஊற்றுக்கு ஆபத்தை இழுத்துவர, லோர்தெமார் அவரை வெளியேற்றுகிறார். அலெரியா தன் மக்களிடமிருந்து ஏன் விலக்கப்பட்டார் என்பதை விளங்கவைக்கும் இந்தக் காட்சியும் ஹோர்டு பக்கமே இருந்துவிட்டது. அந்தச் சக்தியை ஏற்று அலையன்ஸில் சேர்ந்த வாய்ட் எல்ஃப்களில் இன்னொரு சிக்கல், தலைக்கணக்கு. கதைப்படி அவர்கள் அம்ப்ரிக் என்ற மாயவித்தைக்காரரோடு நாடுகடத்தப்பட்ட ஒரு சிறு குழு. விளையாட்டிலோ எங்கு பார்த்தாலும் அவர்கள். 2020இல் இயல்பான தோல்நிறமும் கொடுத்தபோது பார்வைக்கு ஹை எல்ஃபும் வாய்ட் எல்ஃபும் ஒன்றாகிவிட்டார்கள். தோற்றத் தேர்வு ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் ‘இந்த உடலில் இருப்பவர் யார்’ என்று கதைக்குழு ஒரு வரி எழுதித் தர வேண்டும்.

நிலப்படத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2007இல் கட்டிய, ப்ளட் எல்ஃப்களின் தலைநகரான சில்வர்மூன் பாதி இடிபாட்டோடும் பச்சைப் படிகங்களோடும் பல ஆண்டுகள் அப்படியே நின்றது. சன்வெல் ஒளிர்ந்த பிறகு புதிதாகத் தொடங்குபவரும் பழைய நோயின் நகரத்தில்தான் கண்விழித்தார். இடத்தை மாற்ற முடியாதபோது வாசல்காவலன் ஒருவன் வாயில் காலத்தைச் சொல்லவைப்பது மிகச் செலவு குறைந்த வழி. குரல் பதிவு முடிந்த வசனத்தைத் திருத்துவது கடினம். பதிவில்லாத எழுத்து வசனத்தை எந்தப் பேட்சிலும் மாற்றலாம்.

குவெல்தலாஸுக்குத் திரும்பிப் போய், பிரிந்த எல்ஃப்களை ஒன்றுசேர்க்கும் மிட்நைட் பாகம் 2023இல் அறிவிக்கப்பட்டது. அப்படி ஒரு கதைக்குத் தாளை விரிக்கும்போது முதலில் நிரப்ப வேண்டிய கட்டம், தாலிஸ்ராவுக்கு மானா ஊட்டிய அந்த அலையன்ஸ் கையை யார் நினைவு வைத்திருக்கிறார்கள் என்பது.