மிளகு வராமல் போன காலம்

நாங்கள் குடியிருப்பது இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், கொல்செஸ்டரில். ரோமர்கள் பிரித்தானியாவில் அமைத்த முதல் தலைநகர் இதுதான். அவர்கள் எழுப்பிய மதில் இன்னும் நிற்கிறது. கடைத்தெருவுக்குப் போகும்போது அதை ஒட்டித்தான் நடப்போம். வந்த புதிதில் எனக்கு அது ஒரு பழைய சுவர், அவ்வளவுதான். இங்கே ஆரம்பப் பள்ளியிலேயே, ரோமர்கள் போன பிறகு வந்த ஆங்கிலோ-சாக்சன் காலத்தைப் படிப்பிக்கிறார்கள். மகள் அதைப் படிக்கத் தொடங்கியபோது நானும் சேர்ந்து படித்தேன்.

"நல்ல கல்வீடெல்லாம் இருந்ததுதானே அப்பா, பிறகு ஏன் எல்லாரும் மரவீட்டில இருந்தவை?" என்று ஒரு நாள் கேட்டாள். நல்ல கேள்வி. பதில் பெரிய போரில் இல்லை, சம்பளத்தில் இருக்கிறது.

கி.பி. 43 முதல் ஏறக்குறைய 410 வரை ரோம ஆட்சி. படைவீரனுக்குச் சம்பளம் காசாக வரும். அந்தக் காசு சந்தைக்குப் போகும், குயவனிடமும் கொல்லனிடமும் போகும், கடைசியில் வரியாக அரசிடம் திரும்பும். 402க்குப் பிறகு புதுக்காசு வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. 407இல் இங்கிருந்த ரோமப் படை மூன்றாம் கான்ஸ்டன்டைன் என்பவனைப் பேரரசனாக அறிவித்தது, அவன் அந்தப் படையோடு இன்றைய பிரான்ஸ் பக்கம் போய்விட்டான். 410இல் பேரரசர் ஹொனோரியஸ், உங்கள் பாதுகாப்பை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று இங்குள்ள நகரங்களுக்குக் கடிதம் எழுதினார் என்பார்கள். அதற்கு முன்பே சங்கிலி அறுந்துவிட்டது. காசு இல்லை என்றால் சந்தை இல்லை. சந்தை இல்லை என்றால் ஆயிரக்கணக்கில் பானை செய்கிற சூளைக்கு வேலை இல்லை. ஒக்ஸ்போர்ட் பக்கத்துப் பெரிய சூளைகள் ஒரு தலைமுறைக்குள் அணைந்துபோயின. சக்கரத்தில் வனைந்த பானையே இல்லாமல் போய், வீட்டுக்கு வீடு கையால் பிடித்த சட்டிதான் மிஞ்சியது. இரும்பு ஆணிகூட அருமையாகிவிட்டது.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு இது நன்றாகவே விளங்கியது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம், சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம். எங்களில் யாருக்கும் அறிவு கெட்டுப்போகவில்லை, சாமான்தான் வரவில்லை. ஐந்தாம் நூற்றாண்டுப் பிரித்தானியர்களைப் பற்றி "இருண்ட காலத்துக்குள் விழுந்தார்கள்" என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆனால் எங்களுக்குச் சில வருடங்களில் சாமான் திரும்ப வந்தது. அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் காலத்திலும் வரவில்லை. சக்கரம் சுற்றத் தெரிந்த கடைசிக் கிழவனோடு அந்தத் தொழிலும் போனது. எங்களுக்குப் பக்கத்து நகரான இப்ஸ்விச்சில் மறுபடி பெரிய அளவில் சூளையில் பானை சுடத் தொடங்கியபோது கி.பி. 700 ஆகிவிட்டது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் சஃபோக்கில் உள்ள வெஸ்ட் ஸ்டோவுக்குப் போகலாம். லார்க் ஆற்றங்கரையில் ஏறக்குறைய 420 முதல் 650 வரை மனிதர் வாழ்ந்த ஊர் அது. 1965க்கும் 1972க்கும் இடையில் தோண்டி ஆராய்ந்து, கிடைத்த தடங்களின் மேலேயே வீடுகளைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். சிறிய குழி, அதன் மேல் பலகைத் தளம், பிளந்த ஓக் மரச் சுவர், தாழ இறங்கிய புற்கூரை. புகைபோக்கி கிடையாது, அடுப்புப் புகை கூரைப் புல்லுக்குள்ளாலேயே கசிந்து போகும். தறியில் நூலை இழுத்துப் பிடிக்கக் கட்டிய களிமண் வளையங்கள் அங்கே ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. துணி வாங்கக் கடை இல்லை, அதனால் ஒவ்வொரு வீடும் தானே நூற்று, தானே நெய்தது. அந்தக் காலத்துப் பெண்களின் கல்லறைகளில் ரோமக் காசில் துளை போட்டுக் கழுத்தில் கோத்திருப்பதைக் காணலாம். அந்தக் காசால் வாங்க எதுவும் இல்லை. நகையாகத்தான் உதவியது.

அப்புறம், ரோமர்களுக்குப் பிறகு வந்த இந்த ஆங்கிலோ-சாக்சன்கள் யார் என்ற கேள்வி. இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்துக் கரைகளில் இருந்து கடல் கடந்து வந்தவர்கள். கப்பலில் வந்த வீரர்கள் ஊரை வெட்டிச் சாய்த்தார்கள் என்றே நெடுங்காலம் கதை சொன்னார்கள். 2022இல் வெளிவந்த பண்டைய மரபணு ஆய்வு ஒன்று, ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் கிழக்கு, தெற்கு இங்கிலாந்தில் வாழ்ந்தவர்களின் மூதாதை மரபில் 76 வீதம் வரை அக்கரையில் இருந்து வந்தது என்று காட்டியது. பெண்களும் பிள்ளைகளுமாக, குடும்பம் குடும்பமாக, தலைமுறைகளாக வந்திருக்கிறார்கள். பல இடங்களில் உள்ளூர்க்காரரோடு கலந்திருக்கிறார்கள். சண்டை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுப்பு மூட்டவும் விதைக்கவும் வந்தவர்கள்தான் அதிகம். எனக்குள் கனத்தது வேறு ஒன்று. இந்தக் கிழக்குப் பக்கத்தில் உள்ளூர்க்காரரின் மொழி ஏறக்குறைய அடையாளமில்லாமல் போனது. எந்தப் பேரப்பிள்ளையோடு அது நின்றிருக்கும்? வீட்டில் தமிழ் பேச வைக்க மல்லுக்கட்டுகிற ஒரு தகப்பனால் அதைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது.

எல்லா இடமும் ஒரே மாதிரியும் இல்லை. மேற்கே கார்ன்வாலில் டின்டேஜலுக்கு ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளிலும் மத்தியதரைக் கடல் பக்கத்து வைனும் எண்ணெயும் சாடிகளில் வந்திருக்கின்றன. கிழக்கில்தான் வாசல் இறுக மூடியது.

இனி மிளகு. 1992இல் சஃபோக்கின் ஹொக்சன் என்ற ஊரில் தொலைந்த சுத்தியல் ஒன்றைத் தேடப்போனவருக்கு ரோமப் புதையல் கிடைத்தது: ஏறக்குறைய 15,000 காசுகள், நகைகள், அவற்றோடு நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள். 407க்குப் பிறகு புதைத்தது. சிமிழ் ஒன்று பெண் உருவம். அடியில் ஒரு தட்டு. ஒரு பக்கம் திருப்பினால் மிளகு நிரப்பலாம், இன்னொரு பக்கம் திருப்பினால் தூவலாம், மற்றப் பக்கம் மூடிக்கொள்ளும். அந்த மிளகு எங்கள் பக்கத்தது. யவனர் கப்பல் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு போனதை அகநானூறு சொல்கிறது. இங்கிலாந்தின் வடக்கே விண்டோலாண்டா என்ற ரோமக் கோட்டையில் கிடைத்த மரப்பலகைக் கணக்கில் இரண்டு டெனாரியஸ் காசுக்கு மிளகு வாங்கிய குறிப்பே இருக்கிறது. சாதாரண மனிதர் கைக்கும் எட்டிய சாமான்.

புதைத்தவர் அந்தச் சிமிழை எடுக்கத் திரும்பி வரவில்லை. 597இல் கிறிஸ்தவத்தைப் பரப்ப ரோமில் இருந்து அகஸ்டின் என்ற துறவி கென்ட்டுக்கு வந்து, துறவிகள் ரோமுக்குப் போய்வரத் தொடங்கிய பிறகு பழைய வழி மெல்லத் திறந்தது. 735இல் வட இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் சாகக் கிடந்த பீட் என்ற துறவி, தன் பெட்டியில் இருந்த சின்னச் சின்ன அரும்பொருட்களைச் சக துறவிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார். அதில் சாம்பிராணி இருந்தது, துணி இருந்தது, கொஞ்சம் மிளகும் இருந்தது.

ஹொக்சன் சிமிழ்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் 49ஆம் அறையில் இருக்கின்றன. அனுமதிக்குக் காசில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.