வாடிக்கையாளர் கழிப்பறை: முதலில் மூக்கு, அப்புறம்தான் கண்

கடை, உணவகம், கிளினிக், அலுவலகம் எதுவானாலும், வாடிக்கையாளர் பயன்படுத்தும் கழிப்பறையைப் புதுப்பிக்கலாம் என்று பேச்சு எடுத்தால் முதலில் பார்ப்பது டைல்ஸ்தான். புது டைல்ஸ், வட்டக் கண்ணாடி, மூலையில் ஒரு செடி, சுவரில் தானாக வாசனை தெளிக்கும் ஒரு பெட்டி. கொஞ்ச நாளில் அந்தப் பழைய நாற்றம் திரும்ப வந்துவிடும். காரணம் டைல்ஸுக்கு அடியிலும் குழாய்க்குள்ளும் அப்படியே இருக்கிறது. செலவு எவ்வளவு என்பதைவிட எந்த வரிசையில் செலவழிக்கிறோம் என்பதுதான் முக்கியம். குழாய், காற்று, ஈரம், தாழ்ப்பாள், வெளிச்சம், இதெல்லாம் முடிந்த பிறகு அழகு.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் எதையும் வாங்காதீர்கள். காலையில் கடை திறப்பதற்கு முன், சுத்தம் செய்யும் முன், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். தரை டிராப் (தரைத் தண்ணீர் வடியும் சல்லடைத் துளை), யூரினலின் அடிப்பகுதி, கமோடு தரையைத் தொடும் இடத்தின் பின்பக்கம், வாஷ்பேசினுக்குக் கீழே, குப்பைத்தொட்டி, மாப் வைக்கும் மூலை என ஒவ்வொன்றாகக் குனிந்து முகர்ந்து பாருங்கள். கூச்சமாக இருக்கும். ஆனால் இது எளிய, நம்பகமான சோதனை. விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடித்தால், யூரினலைச் சுற்றியுள்ள சுவரிலும் தடுப்புப் பலகையின் கீழ் ஓரத்திலும் காய்ந்துபோன சிறுநீர்த் தெறிப்பு ஒளிரும். சில சோப்புக் கறைகளும் ஒளிரும் என்பதால், சந்தேகமான இடத்தை ஈரமான வெள்ளை டிஷ்யூவால் துடைத்து முகர்ந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் சந்தேகம் தரை டிராப். சல்லடைக்குக் கீழே வளைவில் சுமார் 50 மி.மீ. உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை உள்ளே விடாமல் தடுக்கிறது. தரையைக் கழுவி விடாமல் மாப்பால் மட்டும் துடைக்கும் இடங்களில் இந்தத் தண்ணீர் மெல்ல ஆவியாகிவிடும். வாரம் ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் போதும், நாற்றம் நின்றுவிடும். அதிகம் புழங்காத டிராப்பில் தண்ணீருக்கு மேல் இரண்டு ஸ்பூன் மினரல் ஆயில் விட்டால் ஆவியாவது குறையும். ஊற்றிய மறுநாளே திரும்ப நாறினால் விஷயம் வேறு. பக்கத்தில் ஃப்ளஷ் செய்யும்போது டிராப்பில் குடுகுடுவென்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால், சாக்கடைக் குழாய்க்குள் காற்று போய்வர வைக்கும் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது அல்லது வைக்கவே இல்லை. ஃப்ளஷ் தண்ணீர் போகும் வேகத்தில் டிராப் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதற்கு பிளம்பர்தான் வேண்டும், வாசனைப் பெட்டி உதவாது.

வாஷ்பேசினுக்கு அடியில் இன்னொரு ஓட்டை பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. பேசினிலிருந்து வரும் வேஸ்ட் பைப்பைச் சுவரில் இருக்கும் அகலமான குழாய்க்குள் சும்மா சொருகி விட்டிருப்பார்கள். சுற்றிலும் உள்ள இடைவெளி வழியாகச் சாக்கடைக் காற்று நேராக அறைக்குள் வரும். சரியான அளவில் ஒரு ரப்பர் காலர் போட்டால் தீர்ந்தது.

இரண்டாவது, சிறுநீர்க் கல். சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது, காரத்தன்மை ஏறுகிறது, கால்சியம் மக்னீசியம் உப்புகள் பழுப்புப் படலமாகப் படிகின்றன. யூரினலின் துளைகளுக்கு உள்பக்கமும் கமோடின் விளிம்புக்கு அடியிலும் இது ஒளிந்திருக்கும். சின்னக் கண்ணாடி ஒன்றை விளிம்புக்குக் கீழே பிடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும். பிளீச் ஊற்றினால் படலம் வெளுக்கும், ஆனால் கரையாது. நாற்றம் குடியிருப்பது அந்தப் படலத்தில்தான். அமில வகைக் கிளீனர்தான் இதைக் கரைக்கும். முதலில் பிரஷ்ஷால் கமோடுத் தண்ணீரை அழுத்தி உள்ளே தள்ளி மட்டத்தை இறக்குங்கள். பிறகு கிளீனரை விளிம்பைச் சுற்றி விட்டு, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை ஊற விட்டுத் தேய்த்து ஃப்ளஷ் செய்யுங்கள். தடித்துப்போன படலம் ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்ய வேண்டியிருக்கும். மார்பிள் தரையில் அமிலம் சிந்தினால் பளபளப்பு போய்விடும், டைல்ஸ் இடுக்கில் நிரப்பியிருக்கும் சிமென்ட் கிரௌட்டையும் அரிக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். அமிலக் கிளீனரையும் பிளீச்சையும் ஒரே நாளில் ஒரே கமோடில் அடுத்தடுத்துப் போடக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. பிளீச்சோடு அம்மோனியா கலந்தாலும் நச்சு வாயுதான். சுத்தம் செய்பவருக்குக் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, ஓடும் ஃபேன் மூன்றும் இருக்க வேண்டும். இரண்டு டப்பாக்களையும் வேறு வேறு அலமாரியில் வைப்பது நல்லது.

மூன்றாவது, டைல்ஸ் இடுக்குகளும் கமோடின் அடிப்பகுதியும். சாதாரண சிமென்ட் கிரௌட் ஈரத்தை உறிஞ்சும். யூரினலுக்குக் கீழே தினமும் சொட்டுவது அதற்குள் இறங்கிவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் முழுசாக வெளியே வராது. யூரினலைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்கு மட்டும் பழைய கிரௌட்டைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காய விட்டு, ஈரத்தை உறிஞ்சாத எபாக்ஸி கிரௌட் போடுங்கள். தரை முழுவதையும் மாற்றும் செலவு மிச்சம். கமோடு லேசாக ஆடினால் அதன் அடியில் உள்ள சீல் விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். சுற்றிலும் சிலிக்கான் பூசி மறைக்காமல், கழற்றிப் புது சீல் போட்டு, ஆடாமல் போல்ட்டை முடுக்கி, அதற்கப்புறம் சிலிக்கான் பூசுங்கள்.

இனி காற்று. பொதுக் கழிப்பறையில் மணிக்கு 10 முதல் 15 தடவை உள்காற்று முழுவதும் மாற வேண்டும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 16.2 கன மீட்டர். 12 தடவை மாற மணிக்கு சுமார் 195 கன மீட்டர் காற்று வெளியேற வேண்டும். நீளமான குழாய் வழியாகக் காற்று போகிறதென்றால் ஃபேனின் திறன் குறையும் என்பதால் ஒரு படி பெரியதாகவே வாங்குங்கள். ஃபேனைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தால் வெளியிலிருந்து வரும் காற்றையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும், கமோடுப் பக்கம் காற்று அசையாது. கதவுக்கு எதிர்முனையில், கமோடுகளுக்கு மேலே இருக்க வேண்டும். கதவுக்குக் கீழே 2 செ.மீ. இடைவெளியோ ஒரு கிரில்லோ இல்லையென்றால் எவ்வளவு பெரிய ஃபேனும் இழுக்காது. ஃபேன் ஓடும்போது ஒரு டிஷ்யூத் தாளை அதன் கிரில்லில் வைத்துக் கையை எடுத்துப் பாருங்கள். தானாக நின்றால் சரி. விழுந்தால் இறக்கையில் தூசி அடைத்திருக்கும், அல்லது வெளிப்பக்க மடல் திறக்காமல் சிக்கியிருக்கும். கடை திறந்திருக்கும் நேரம் முழுக்க ஃபேன் ஓடட்டும். அதை விளக்கு சுவிட்சோடு இணைக்காதீர்கள்.

ஈரத் தரையைப் பார்த்தவுடனே வாடிக்கையாளர் அது என்ன தண்ணீரோ என்றுதான் நினைப்பார். நிறைய ஈரம் கை கழுவிய பிறகுதான் வருகிறது. டவல் பெட்டி பேசினிலிருந்து நான்கு எட்டு தள்ளி இருந்தால், அந்த நான்கு எட்டும் தண்ணீர் சொட்டும். பேசினின் பக்கத்திலேயே, நின்ற இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் மாற்றிவிடுங்கள். குப்பைத்தொட்டி அதற்கு நேர் கீழே, வாய் திறந்ததாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் பேசினுக்கு வெளியே தெறித்தால் நுனியில் உள்ள சின்னச் சல்லடையான ஏரேட்டரைக் கழற்றி வினிகரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள், உப்பு கரைந்து தாரை நேராகும். தரையில் தண்ணீர் தேங்கினால் வாட்டம் சரியில்லை என்று அர்த்தம். டிராப்பை நோக்கி மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு வேண்டும்.

கமோடில் ஓயாமல் தண்ணீர் கசிந்து கோடு போட்டிருந்தால், ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் உணவுக் கலர் போட்டு, யாரும் ஃப்ளஷ் செய்யாமல் 20 நிமிடம் விடுங்கள். கலர் கிண்ணத்துக்கு இறங்கியிருந்தால் டேங்கின் அடி வாஷர் போய்விட்டது.

பிறகு கமோடு மூடியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். நின்றுகொண்டு சோதிப்பவருக்குத் தெரியாததெல்லாம் இங்கிருந்து தெரியும்: கதவின் உள்பக்க அழுக்கு, பேப்பர் ஹோல்டரின் அடிப்பக்கம், துருப்பிடித்த ஸ்க்ரூ, சிலந்தி வலை. தாழ்ப்பாளையும் இங்கேயே சோதியுங்கள். கதவு இறங்கிப்போய்த் தாழ்ப்பாள் துளைக்குள் சேராமல் இருந்தால் பெரும்பாலும் மேல் கீலின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். நீளமான ஸ்க்ரூ போட்டால் கதவு நிமிர்ந்துவிடும். கதவில் 150 செ.மீ. உயரத்தில் உறுதியான ஒரு கொக்கியும், பையும் போனும் வைக்க ஒரு சின்னத் தட்டும் கட்டாயம் வேண்டும். கைப்பையைத் தரையில் வைக்க நேர்ந்தவர் அதை மறக்க மாட்டார். பெண்கள் கழிப்பறையில் ஒவ்வொரு அறையிலும் மூடி போட்ட பெடல் தொட்டி வையுங்கள்.

வெளிச்சத்தில் ஒரே விஷயம்: கண்ணாடிக்கு நேர் மேலே ஒற்றை விளக்கு வைத்தால் முகத்தில் நிழல் விழும். இரண்டு பக்கமும், 4000 கெல்வின் அளவில் (அதிக மஞ்சளும் அதிக நீலமும் இல்லாத வெள்ளை வெளிச்சம்) வையுங்கள்.

திரவ சோப் தீரத் தீர மேலே ஊற்றிக்கொண்டே போகாதீர்கள். பழைய சோப்பின் மிச்சத்தில் பாக்டீரியா பெருகும். காலியானதும் கழற்றிக் கழுவி, முழுக்கக் காய வைத்து நிரப்புங்கள். அல்லது சீல் செய்த பாக்கெட் போடும் வகையை வாங்குங்கள்.

சக்கர நாற்காலியில் வருபவருக்கான கழிப்பறை பல இடங்களில் மாப், அட்டைப்பெட்டி வைக்கும் ஸ்டோர் ரூமாகிவிடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் விஷயம். கதவைத் திறந்த பிறகு குறைந்தது 80 செ.மீ. வழியும், உள்ளே திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றுத் தரையும் வேண்டும். கைப்பிடிக் கம்பி ஆளின் முழு எடையைத் தாங்கும்படி சுவருக்குள் இறங்கியிருக்க வேண்டும். அவசர அழைப்புக் கயிறு இருந்தால் அதை மேலே சுருட்டிக் கட்டாதீர்கள். விழுந்தவர் தரையில் கிடந்தபடியே இழுக்கத்தான் அது.

சுத்தம் செய்வதைக் கடிகாரத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாமல் கூட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள். கூட்டம் ஏறும் நேரத்தில் அரை மணிக்கொரு பார்வை, மற்ற நேரத்தில் மணிக்கொன்று. மேலிருந்து கீழ், பேசினிலிருந்து கமோடு என்பதுதான் வரிசை. பேசினுக்கு ஒரு நிறத் துணி, கமோடுக்கு வேறு நிறத் துணி. கிருமிநாசினிக்கு 5 சதவீத பிளீச் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 20 மி.லி. கலந்து, 10 நிமிடம் ஈரமாக விட்டுத் துடையுங்கள். கரைசலை அன்றன்று கலக்க வேண்டும். மாப்பை வாளித் தண்ணீரிலேயே விட்டுப் போனால் மறுநாள் அந்த நாற்றத்தைத்தான் தரை முழுக்கப் பூசுவோம். அலசிப் பிழிந்து, தலைகீழாகத் தொங்கவிட்டுக் காய வையுங்கள்.

பக்கத்து அலமாரியில் ஒரு டப்பாவில் டேங்க் வாஷர், ஆங்கிள் வால்வு (சுவரிலிருந்து வரும் தண்ணீரை நிறுத்தும் சின்னத் திருகு), இணைப்புக் குழாய், ஏரேட்டர், கீல் ஸ்க்ரூ, தாழ்ப்பாள், கொக்கி, டவல் பெட்டிச் சாவி எல்லாவற்றிலும் ஒவ்வொன்று உபரியாக இருக்கட்டும். பழுது என்று எழுதி ஒட்டி ஒரு வாரம் பூட்டி வைக்கப்படும் கழிப்பறைகளில் பல இந்த டப்பாவில் உள்ள ஏதாவது ஒன்றால் அன்றைக்கே திறந்துவிடக்கூடியவைதான்.