குதிகால் ஊசிக்கு முன் இரண்டு நிமிடம்

என் மகள் 31ஆம் வாரத்தில் பிறந்தாள். எடை 1,350 கிராம். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியூவில் சுகர், மஞ்சள் காமாலை என்று எதற்கும் குதிகாலில் குத்தித்தான் ரத்தம் எடுப்பார்கள். அப்போது மட்டும் என்னை வெளியே நிற்கச் சொல்வார்கள். "அழவே இல்லம்மா, சமத்து" என்றார் ஒருவர்.

அது சமத்து இல்லை என்று மூத்த சிஸ்டர்தான் சொன்னார். குறைமாதக் குழந்தைக்கு ஓங்கி அழத் தெம்பு இருக்காது. புருவம் புடைக்கும், கண் இறுகும், மூக்கோர மடிப்பு ஆழமாகும். மானிட்டரில் துடிப்பு ஏறும், ஆக்சிஜன் இறங்கும். இவற்றுக்கு மதிப்பெண் போட்டு வலியை அளக்க, குறைமாதக் குழந்தைகளுக்கென்றே பிஐபிபி என்று ஓர் அளவுகோல் உண்டு. 1980கள் வரை பச்சிளம் குழந்தைக்கு வலி உறைக்காது என்று நம்பி, போதிய மயக்க மருந்து இல்லாமல் அறுவை சிகிச்சைகூடச் செய்திருக்கிறார்கள். படித்தபோது வயிற்றைக் கலக்கியது.

அப்புறம் நான் வெளியே போகவில்லை. கூட இருக்கிறேன் என்று கேட்டேன், முணுமுணுப்போடு விட்டார்கள்.

வலி குறைய, குத்துவதற்கு முன் பீய்ச்சிய தாய்ப்பாலில் சில துளி நாக்கில் விட்டு, இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும். எல்லாரும் அவசரத்தில் ஓடும் வார்டில் அந்த இரண்டு நிமிடத்தை வாங்குவதுதான் பெரும்பாடு! பிறகு ஒரு கை தலையில்; இன்னொரு கையால் கை கால்களை மடக்கி உடம்போடு அணைக்க வேண்டும். தடவக் கூடாது, அது அவளுக்கு இன்னும் தொந்தரவு. குத்துவதைவிட ரத்தத்துக்காகக் குதிகாலைப் பிழிவதுதான் அதிகம் வலிக்கிறது. அதனால் பஞ்சு வைத்து முடியும்வரை கையை எடுக்க மாட்டேன்.

சில இடங்களில் பாலுக்குப் பதில் 24 சதவீத சுக்ரோஸ் கரைசல் தருவார்கள். மாமியார் உடனே, "சேனை வைக்கிறது இதுதானே?" என்றார். இல்லை அத்தை, இது அளவு பார்த்து, வலி தரும் சிகிச்சைக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் தருவது. வீட்டில் கரைத்து ஊட்டுவது வேறு.

எடை கொஞ்சம் தேறியதும் கங்காரு முறையில் நெஞ்சில் சாய்த்தபடியே ரத்தம் எடுத்தார்கள். துடிப்பு சீக்கிரம் இறங்கியதை மானிட்டரிலேயே பார்த்தேன்.

குறைமாதக் குழந்தைகளுக்குச் செய்யும் விழித்திரைப் பரிசோதனைதான் கொடுமை. மரத்துப்போகும் சொட்டு மருந்து, துணிச் சுற்று, பால் எல்லாம் இருந்தும் இமையை விரித்தபோது வீறிட்டாள். வலி குறையும், அடியோடு போகாது என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். அதற்காக அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது, கோளாறு இருந்து கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.