டிரெய்லர் பிரேக்கைப் பிரித்துப் பார்த்தேன்

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் சாமான்களைப் மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவில் உள்ள தண்ணீர்மலைக் கோயிலுக்கு இழுத்துப் போவது எங்கள் இரண்டு சக்கர டிரெய்லர்தான். அண்டா, கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும். போன முறை பாலம் இறங்கி சிக்னலில் பிரேக் மிதித்தபோது டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் காரில் அக்கா பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள், அதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

இந்த வருடம் முதல் வேலையாக, எங்கள் தாமானை (குடியிருப்பை) சுற்றி மெதுவாக ஓட்டி நாலைந்து தடவை பிரேக் போட்டுவிட்டு டிரெய்லர் சக்கரத்தின் பிரேக் டிரம் பக்கம் கையைக் கொண்டுபோனேன். வலது பக்கம் சூடு. இடது பக்கம் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. லாரிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா பார்த்துவிட்டு, “தம்பி, பின்னால லைட் எரியுதுன்னு பிரேக்கும் வேலை செய்யுதுன்னு நெனச்சுக்காத, மீட்டரை எடு” என்றார்.

இது மின்சார பிரேக். உள்ளே இருக்கும் காந்தத்துக்குக் கரண்ட் போனால் அது சுழலும் டிரம்மைப் பிடித்துக்கொள்ளும், அந்த இழுப்பில் ஒரு நெம்புகோல் திரும்பி பிரேக் ஷூவை விரித்து டிரம்மில் அழுத்தும். எங்கள் 10 அங்குல டிரம்முக்குக் காந்தம் ஒன்றுக்குச் சுமார் 3 ஆம்பியர், அப்படியென்றால் இரண்டுக்கும் 6 வர வேண்டும். பிரேக்குக்குப் போகும் நீல வயரில் மீட்டரை வைத்தால் 3.1தான். இடது காந்தத்தைத் தனியாக ஓம் பார்த்தோம், 3.5, ஆக காந்தம் நன்றாகத்தான் இருக்கிறது. கடைசியில் குற்றவாளி அதன் எர்த் வயர். டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் ஒரே ஒரு ஸ்க்ரூவில் மாட்டியிருந்தது, அடியில் முழுக்கத் துரு. கடற்கரை ஊரில் இதை வருடா வருடம் பார்த்திருக்க வேண்டும்.

எர்த்தை இனி இரும்புச் சட்டத்தையோ, டிரெய்லரைக் காரோடு மாட்டும் இழுவைப் பந்தையோ நம்பி விடவில்லை. 4 சதுர மில்லிமீட்டர் வயரை இரண்டு காந்தத்திலிருந்தும் நேராக, காரோடு மாட்டும் பிளக் வரை இழுத்தோம். மீட்டர் 5.9 காட்டியது. மாமா முகத்தில் சிரிப்பு.

வலது பக்கம் சக்கரத்தின் கிரீஸை அடைத்து வைக்கும் சீல் ஒழுகி ஷூவில் கிரீஸ் ஏறியிருந்தது. அதைத் துடைத்துப் போடலாமா என்று கேட்டேன், ஒரேயடியாக மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரி, ஊறிப்போன கிரீஸ் போகாது. சீலை மாற்றி, இரண்டு பக்கமும் புது ஷூ போட்டோம், ஒரு பக்கம் மட்டும் போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அப்புறம் சக்கரம் கையால் சுற்ற முடியாத அளவுக்கு ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் நட்சத்திரச் சக்கரத்தை இறுக்கி, லேசாக உரசும் வரை தளர்த்தினேன்.

அரசாங்க விதிகளையும் பார்க்க வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இழுத்துச் செல்லப்படும் வண்டியும் மோட்டார் வண்டிதான், எங்களுடையதற்குப் பதிவு இருக்கிறது. எங்கள் டிரெய்லரின் சக்கர அச்சு வந்த ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேல் போனால் பிரேக் கட்டாயம். டிரெய்லர் கழன்றுபோனால் தானே பிரேக் பிடிக்கும் ஸ்விட்ச்சை அங்கே 2 டன்னுக்கு மேல்தான் கேட்கிறார்கள், ஆனால் பாலத்தில் ஓட்டுகிறவனுக்கு ஒரு டன்னும் பயம்தான். எங்களுடையதில் ஸ்விட்ச் இருந்தது, அதன் பேட்டரி செத்துக் கிடந்தது. புதிது போட்டு, கார் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்விட்ச்சின் ஊசியை இழுத்துப் பார்த்தேன், இல்லையென்றால் டிரெய்லர் பிரேக்குக்குக் கரண்ட் அனுப்பும், காரில் உள்ள கன்ட்ரோலர் கெட்டுப்போகலாம். இரண்டு சக்கரமும் இறுகின.

ஞாயிறு காலை பட்டர்வொர்த் பக்கத்துப் பிறை (Perai) தொழிற்பேட்டையில் ஆளில்லாத சாலையில், அரிசி மூட்டைகளோடு, 40 வேகத்தில் கன்ட்ரோலரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். சக்கரம் பூட்டிக்கொண்ட இடத்திலிருந்து ஒரு புள்ளி குறைத்து வைத்தேன். இறங்கிக் கையை வைத்தால் இரண்டு டிரம்மும் ஒரே சூடு. 300 கிலோமீட்டர் ஓடியதும் ஷூ படிந்திருக்கும், மறுபடி இறுக்க வேண்டும்.