மொட்டைமாடிக்குப் பச்சைத் திரை: எந்தச் செடி தாங்கியது, எது தாங்கவில்லை

சென்னையில் எங்கள் வீடு தரைத்தளமும் இரண்டு மாடிகளும் கொண்டது. மேற்கே எதிர்ப்புறத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பியதிலிருந்து அதன் நான்காம் மாடிச் சன்னல்கள் எங்கள் மொட்டைமாடியை நேராகப் பார்க்கின்றன. அங்கே குடியிருப்பவர்கள் நல்லவர்கள்தாம். இருந்தாலும் அத்தைக்கு மாலையில் மாடியில் உட்கார்ந்து காற்று வாங்கும் பழக்கம் நின்றுபோனது. தகர மறைப்பு வைத்தால் காற்றோட்டம் தடைபடும், மேற்கு வெயிலில் அதுவும் சேர்ந்து தகிக்கும். ஆகவே ஆண்டு முழுவதும் இலை உதிர்க்காத புதர்ச்செடிகளைத் தொட்டியில் வளர்த்து மறைப்பது என்று முடிவெடுத்தேன்.

நர்சரிக்குப் போவதற்கு முன் மாடியிலேயே ஒரு வேலை செய்தேன். இந்தக் குறிப்பில் ஒன்றை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சன்னலுக்கும் எங்கள் கைப்பிடிச்சுவருக்கும் இடையே ஏறத்தாழ 20 அடி. நான்காம் மாடித் தரை எங்கள் மொட்டைமாடியைவிட 10 அடி உயரம். அங்கே நிற்பவரின் கண் 15 அடியில் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தலை 4 அடி. சுவரிலிருந்து 6 அடி உள்ளே உட்கார்ந்தால், பார்வை படாமலிருக்கச் சுவரோரம் ஆறரை அடி உயரத்துக்கு இலை வேண்டும். நாற்காலியைச் சுவரிலிருந்து 2 அடி தூரத்துக்கு நகர்த்தினால் 5 அடி போதும். மூங்கில் கழி ஒன்றைச் சுவரோரம் நிறுத்தி, அதில் துணியை ஏற்றியும் இறக்கியும் கட்டிச் சரிபார்த்தேன், கணக்கு பொருந்தியது. ஒன்றரை அடி உயரத் தொட்டிக்கு மேல் மூன்றரை அடி வளரும் செடி எங்களுக்குப் போதும். மரம் தேவையில்லை, அடர்த்திதான் தேவை.

அடுத்தது எடை. ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள உருளைத் தொட்டி ஏறத்தாழ 75 லிட்டர் கொள்ளும். அதில் வெறும் செம்மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 120 கிலோவைத் தாண்டும். ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டைக் கூரைக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டடத் தரக்குறியீடு வைத்திருக்கும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். பால்கனிக்கு அது இரண்டு மடங்கு. எனவே தொட்டிகளை மாடியின் நடுவில் பரப்பாமல், கீழே சுவரும் உத்தரமும் இருக்கும் ஓரத்திலேயே வரிசையாக வைத்தேன். கட்டடம் பழையதென்றால் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இதில் துணிச்சல் உதவாது. மண் கலவையில் செம்மண் இரண்டு பங்கு, அலசிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, கூடவே தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. இந்தக் கலவை நனைந்த பிறகும் தொட்டி 90 கிலோ அளவில் நிற்கிறது. நார்க்கழிவை அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இலை நுனியைக் கருக்கும்.

இனி செடிகள். நர்சரியில் முதலில் காட்டியது ஃபைகஸ். “ஆறடி இருக்கிறது அக்கா, வைத்த அன்றே மறைத்துவிடும்” என்றார் கடைக்காரர். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் ஃபைகஸ் ஆலமரத்தின் இனம். தொட்டியின் வடிகால் துளை வழியே வேர் வெளியே வந்து தட்டோட்டின் இடுக்கைத் தேடும். ஒழுகும் கூரையைச் சரிசெய்யும் செலவை நினைத்து அதை வாங்கவில்லை. கூம்பாக வளரும் ஊசியிலைச் செடியான தூஜா பார்க்க அழகு. ஆனால் சென்னை மொட்டைமாடிகளில் நான் பார்த்த தூஜாக்கள் எல்லாம் கீழிருந்து பழுப்பேறியவை. நெட்டிலிங்கம் ஒல்லியாக உயரும், அகலத்தை மறைக்காது. அதன் தளிரில் முட்டையிட வரும் பச்சைப்புள்ளி வண்ணத்துப்பூச்சிக்காக ஒன்றை மட்டும் மூலையில் வைத்திருக்கிறேன்.

அரளியைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே யோசித்தேன். நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் புகையையும் வெயிலையும் தாங்கி நிற்பது அதுதான். மேற்கு வெயிலுக்கு அதைவிட உறுதியான செடி கிடையாது. ஆனால் இலை, பூ, தண்டு, பால் எல்லாமே நஞ்சு. வீட்டில் கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருக்கிறது. மஞ்சள் அரளி என்றால் விதை இன்னும் கொடியது. குழந்தையோ ஆடோ மாடோ எட்டாத இடம் என்றால் தாராளமாக வைக்கலாம், எங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

மூங்கிலை வைத்துப் பார்த்தேன். காற்றில் அது எழுப்பும் ஓசை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஓயாமல் சருகு கொட்டுகிறது. அந்தச் சருகு மழைநீர்க் குழாயின் வாயை அடைக்கிறது. கோடையில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காணாமல் போகிறது. ஓராண்டுக்குள் வேர் தொட்டியின் பக்கத்தைப் பிதுக்கிவிட்டது. தோட்டம் உள்ள நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே மண்ணில் மகிழ்ச்சியாக இருக்கிறது.

செம்பருத்தி வேகமாக வளர்ந்தது, ஆனால் மாவுப்பூச்சி விடவில்லை. 2008-இல் கோவைப் பக்கம் தென்பட்டுத் தமிழகம் எங்கும் பரவிய பப்பாளி மாவுப்பூச்சிக்கும் செம்பருத்தி மிகவும் பிடித்தமானது. 2010-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதன் கொட்டத்தை அடக்கியது. ஆகவே கண்ட மருந்தையும் அடித்து அந்தக் குளவிகளைக் கொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து தெளிக்கிறேன். பூசைக்கு ஒரு செடி இருக்கிறது, திரைக்கு அதை நம்பவில்லை.

கடைசியில் வரிசையின் பெரும்பகுதியைப் பிடித்தது காமினி. கறிவேப்பிலைக்கு நெருங்கிய உறவு, எலுமிச்சைக் குடும்பம். சின்னஞ்சிறு பளபளப்பான இலைகள் அடித்தண்டிலிருந்தே நெருக்கமாக வரும். உயரமாக நின்றவற்றை விட்டுவிட்டு, இரண்டடி உயரத்தில் நாலைந்து கிளைகளோடு குட்டையாக இருந்தவற்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒற்றைத் தண்டில் நெடுநெடுவென்று போன செடிக்குக் கீழே இலையை வரவழைப்பது பெரும்பாடு.

பையைக் கிழித்ததும் செடியோடு வந்த நர்சரி மண் கவனிக்க வேண்டியதாக இருந்தது. களிமண் கட்டி, காய்ந்தால் செங்கல்லாக இறுகுகிறது. அப்படியே நட்டால் தண்ணீர் சுற்றியுள்ள இளகிய கலவை வழியே இறங்கிவிடும், நடுவே வேர் உலர்ந்து கிடக்கும். வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருவது நின்றதும் எடுத்து, வெளிப்புறக் களிமண்ணை விரலால் மெல்ல உதிர்த்து, சுற்றிக்கொண்டிருந்த வேர்களை மட்டும் நறுக்கிவிட்டு நட்டேன். ஆடியில் நட்டதால் ஐப்பசி மழைக்கு முன்பே வேர் பிடித்துவிட்டது.

முதல் மாதங்களில் வளர்ச்சி ஏமாற்றமாகத்தான் தெரியும். தளிர் ஒரு சாண் நீண்டதும் நுனியைக் கிள்ளினேன். கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளைகள் வெடித்தன. இந்தப் பொறுமைதான் திரையை அடர்த்தியாக்குகிறது. கவாத்து செய்யும்போது அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் வெட்ட வேண்டும், அப்போதுதான் கீழ் இலைக்கும் வெயில் கிடைக்கும். காமினி இருக்கும் இடத்தில் தொட்டி எலுமிச்சை வைக்காதீர்கள். எலுமிச்சையைத் தாக்கும், சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான சைலிட்டுக்குக் காமினி பிடித்த இருப்பிடம். எங்கள் எலுமிச்சை மாடியின் மறுகோடிக்குப் போய்விட்டது.

காமினிகளுக்கு இடையிடையே அடுக்கு நந்தியாவட்டை. ஒரே இனத்தை வரிசை முழுவதும் வைத்தால் ஒரு நோய் வந்தாலே திரை முழுவதும் போய்விடும். நந்தியாவட்டைக்கும் ஒரு விருந்தாளி உண்டு. ஒரு காலையில் கிளைகள் மொட்டையாக நின்றன. தொட்டி விளிம்பில் மிளகு அளவில் கரும்பச்சை எச்சம். அதை வைத்து நேர்மேலே தேடினால், இலை நிறத்திலேயே விரல் பருமனில் ஒரு புழு. தொட்டதும் தலையை உள்ளிழுத்தது. கழுத்தருகே நீல நிறத்தில் இரண்டு கண்கள் விரிந்தன. உண்மையான கண்கள் இல்லை, பறவைகளை மிரட்டுவதற்கானவை. அரளி அந்துப்பூச்சியின் புழு. கொல்ல மனம் வரவில்லை. தேடிக் கிடைத்த புழுக்களை எல்லாம் ஒரே ஒரு செடிக்கு மாற்றிவிட்டேன். அந்தச் செடியும் சில வாரங்களில் மீண்டும் துளிர்த்துவிட்டது.

உட்புறம், கால்மாட்டில், குட்டை இட்லிப்பூ. அது திரைக்காக அன்று, தொட்டிகளின் உடலை மறைக்க.

கத்திரி வெயில்தான் பெரிய சோதனை. கடற்காற்று தாமதமாக வரும் நாள்களில் மேற்கிலிருந்து வீசும் உலர்காற்று தளிரைக் கருக்குகிறது. மேற்குச் சுவரின் உட்புறம் வைத்ததில் ஒரு நன்மை: மூன்றடிச் சுவர் பிற்பகல் வெயிலைத் தொட்டியின்மேல் படாமல் தடுக்கிறது, இலை வெயிலில், வேர் நிழலில். மண்ணின்மேல் தேங்காய் மட்டையை மூடாக்காகப் பரப்பினேன். காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் தண்ணீர். காமினியில் சில நுனிகள் கருகின, அடர்த்தி குறையவில்லை. நந்தியாவட்டை மதியத்தில் வாடி மாலையில் நிமிர்ந்துகொண்டது. கோடை மழை கொட்டிய சில நாள்களில் காமினிகள் எல்லாம் சேர்ந்து பூத்து, மாடிப்படி வரை மணம் இறங்கியது.

இப்போது சன்னல் பக்கம் இலை மட்டுமே தெரிகிறது. இரண்டு இடங்களில் இன்னும் இடைவெளி உண்டு. அடுத்த ஆடிக்குள் கிளைகள் கைகோத்துவிடும். அத்தை நாற்காலியைச் செடியோரமாகப் போட்டு உட்காருகிறார்.

மழைக்காலத்துக்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அடர்ந்த திரை காற்றில் பாய்மரமாகிவிடும்; 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது இந்த நகரத்தில் மரங்களே வேரோடு சாய்ந்தன. புரட்டாசியில் மூன்றில் ஒரு பங்கு இலையைக் குறைத்து, காற்று ஊடுருவ இடம் விடப்போகிறேன். புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டிகளைப் படுக்கவைத்துச் சுவரோடு ஒட்டி அடுக்கிக் கயிற்றால் பிணைக்க வேண்டும். அதற்காகச் சுவரின் உட்புறம் தரைமட்டத்தில் வளையங்கள் பொருத்தக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன்.